பெராக்சைடு முன்னிலையில்

சாக்பீஸ் அவள் விரல்களில் நசநசத்தது.

கரும்பலகையில் புரொப்பீன். கூடவே ஹைட்ரஜன் புரோமைடு. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் நிறைமதி எழுதிவிட்டுப் போன விடை: புரோமின் நடுக் கார்பனில்.

தப்பு.

அம்புக்குறியின் தலைமேல் பொடி எழுத்தில் பெராக்சைடு இருக்கிறது. அது இருந்தால் விதி தலைகீழ். புரோமின் ஓரத்துக்குப் போய்விடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்வாள்.

தெரிந்து தொலைத்ததுதான் வினை.

இந்த நீட் விடுதியில் சார் எந்தப் பெண்ணையும் தொடுவதில்லை. பெற்றோர் புகார் கொடுத்ததிலிருந்து அப்படி. தப்பாக எழுதியவளைச் சரியாக எழுதியவள் அறைய வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மெல்லத் தட்டினால் செல்லாது. நேற்று அவள் தட்டித்தான் பார்த்தாள். "என்ன, கொஞ்சுறியா?" என்றார் சார். சத்தம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்வரை விடவில்லை. நிறைமதியின் கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருக்கிறது.

காலையில் மெஸ்ஸில் நிறைமதி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் தின்றவள். இவள் இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

இன்னொரு முறை அடித்தால் அவ்வளவுதான். அப்புறம் ஒட்டாது.

நிறைமதியின் விடைக்குக் கீழே அவள் எழுதினாள்.

புரோமின், நடுக் கார்பனில்.

சார் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"நிறைமதி, அம்பு மேல என்ன எழுதிருக்கு? நல்லா பாத்து நீயே திருத்து."

நிறைமதி எழுந்து வந்தாள். பார்த்தாள். தன் விடையை அழித்தாள். புரோமினை ஓரத்தில் போட்டாள்.

"கரெக்ட். இப்ப யாரு தப்பு?"

பலகையில் மிச்சமிருந்த தப்பு விடை அவளுடையதுதான்.

அவளே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. ஒன்றை வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம்.

அறை விழுந்தது.

காது கொய்யென்றது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்து, வாயெல்லாம் கரித்தது.

"போதும். ரெண்டு பேரும் போய் உக்காருங்க," என்றார் சார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

நிறைமதியின் கை மறுபடியும் ஓங்கியிருந்தது.