நேரம் தாண்டினால் திறக்காது

"திறடா கதவை!"

மதுக்கடையின் இரும்புக் கதவில் இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தான் அவன். சட்டை தாறுமாறாகக் கிழிந்திருந்தது. உடம்பெல்லாம் சாராய நெடி. பார்ப்பவர்கள் மொடாக்குடியன் என்றுதான் சொல்வார்கள். பாவம், அவன் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. பாட்டில் உடைந்தது அவன் தலையில்!

அவன் அந்த பாரின் வாசல் காவலாளி. நள்ளிரவுக்கு மேல் யாரையும் உள்ளே விடக் கூடாது, வெளியே போனவனும் திரும்பக் கூடாது என்று புதுச் சட்டம். அடிதடி குறையுமாம். தகராறு செய்த மூன்று தடியன்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய வேகத்தில், தானும் வாசலைத் தாண்டிவிட்டான். கதவு சாத்திக்கொண்டது.

கதவிலிருந்த சின்ன ஜன்னல் திறந்தது. எட்டிப் பார்த்தவன் உள்காவலில் இருந்த மச்சான், பெண்டாட்டியின் தம்பி. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"மச்சான், சீக்கிரம் திற! கொன்னுடுவானுங்க!"

"நேரம் தாண்டிடுச்சு மாமா. சட்டம்னா சட்டம்."

"அடப்பாவி, விளையாடற நேரமாடா இது? அது குடிக்க வர்றவனுக்குடா!"

"லைசென்ஸ் போயிடும், அப்பனே வந்தாலும் திறக்காதேன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

முதுகில் இரும்புக் கம்பி இறங்கியது. மூச்சே நின்றுவிட்டது அவனுக்கு. அடுத்த அடியில் முழங்கால் மடங்கியது. ஒருத்தன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கதவில் மோதினான். பல் ஒன்று தெறித்து விழுந்தது.

"எங்களையாடா வெளிய தள்ளுற? இன்னிக்கு உன் கதை முடிஞ்சுதுடா!"

செத்துவிடுவோம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும் மனைவியின் ஞாபகம் வந்தது. ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"உன் கால்ல விழறேன் மச்சான்! எனக்காக வேணாம், உங்க அக்காவை நினைச்சுப் பாருடா. நான் போயிட்டா அவ கதி என்ன?"

கம்பியைப் பற்றியிருந்த விரல்களை மச்சான் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டான்.

"மண்டை உடைஞ்சு ரத்தத்தோட எங்க அக்கா உங்க வீட்டுக் கதவைத் தட்டினப்ப, நீங்க திறந்தீங்களா மாமா?"