மலைமேல் ஒரு போன்

“சரி மாப்பிள்ளை, உடம்பைப் பாத்துக்கங்க. பேத்தியை அடிக்காதீங்க. வெச்சிடட்டுமா?”

கோழிக்காரம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, போன் கம்பெனியிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற கணக்கதிகாரியைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், சினிமா டிக்கெட்டுக்கு நிற்பதுபோல் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மலைக்கிராமத்துக்கே ஒரே ஒரு போன்தான். பால் கூடத்துச் சுவரில், தகரக் கூரைக்குக் கீழே மாட்டியிருந்தது.

கணக்கதிகாரியின் முகம் தொங்கிப்போனது. போனில் ஒட்டடை படிந்திருக்கும் என்று ஆசையாக வந்திருந்தார் அவர்.

விஷயம் இதுதான். போன் கம்பெனிகள் எல்லாம் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை ஒரு பொது நிதியில் போட வேண்டும். லாபம் வராது என்று யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அந்த நிதியிலிருந்துதான் போன் வரும். பங்கை எடுத்து வைக்கும்போதெல்லாம் கணக்கதிகாரியின் மேனேஜருக்கு வயிறு எரியும்.

“அந்தப் போனை எவனும் தொடறதில்லைன்னு ஒரே ஒரு ஊரைக் காட்டுய்யா. நாளைக் காலையில மந்திரி ஆபீஸ்ல கூட்டம். பங்கைக் குறைங்கன்னு கேட்டுடறேன். உனக்குப் பதவி உயர்வு என் பொறுப்பு. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு” என்று அனுப்பியிருந்தார்.

இங்கே வந்து பார்த்தால் இந்த லட்சணம்.

“கொஞ்சம் குடுங்கம்மா. உங்க மாப்பிள்ளைகிட்ட நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்.”

அவள் கொடுக்குமுன் பிடுங்கிக் காதில் வைத்தார். பேச்சுமூச்சு இல்லை. கொர்ரென்ற சத்தம்கூட இல்லை.

“ஒண்ணுமே கேக்கலையே?”

“அவர் அதிகம் பேசமாட்டாருங்க.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட, குட்டு உடைந்தது. போன மழைக்குக் கம்பி அறுந்ததாம். அன்றிலிருந்து போனுக்கு உயிர் இல்லை.

“அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?”

“போன் ஓடலைன்னா லைன்மேன் எதுக்குன்னு அவரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல?” என்றாள் கோழிக்காரம்மா. “இப்ப அவர்தாங்க எங்க போன். நாங்க சொல்றதைக் காதுல வாங்கிக்குவார். மலை இறங்கி, டவுன்லேர்ந்து பிள்ளைங்ககிட்ட போன்ல பேசிட்டு, பதிலோட ஏறி வருவார். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.”

கூட்டத்துக்குப் பின்னால் லைன்மேன் கட்டிங் பிளேயரை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டு நின்றார்.

கணக்கதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே செல்போனை எடுத்தார். சிக்னல் இல்லை. பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றும் பார்த்தார். இறங்கிப் போகலாம் என்றால், ஏறி வந்ததிலேயே பூட்ஸ் கடித்துக் கால் கொப்பளித்திருந்தது.

“என்கிட்ட சொல்லுங்க சார். ஒரு எட்டுல போய் சொல்லிட்டு வந்துடறேன்” என்றார் லைன்மேன்.

கணக்கதிகாரி கொஞ்சம் தயங்கினார். பதவி உயர்வு கண்ணுக்கு முன்னால் நின்றது.

“மேனேஜர்கிட்ட இப்படிச் சொல்லுங்க. ‘இங்க போன் செத்துக் கிடக்கு. யாரும் சீண்டறதில்லை. லைன்மேன் வேலையும் தண்டம். தாராளமா பங்கைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க.’”

லைன்மேன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தார்.

“தண்டம்கிறதை அழுத்திச் சொல்லணுமா சார், சும்மா சொன்னாப் போதுமா?”

“சும்மாவே சொல்லுங்க” என்றார் கணக்கதிகாரி, வேறெங்கோ பார்த்தபடி.

லைன்மேன் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கோழிக்காரம்மா ஒரு முக்காலியைப் போட்டு, சுடச்சுட ஒரு அவித்த முட்டையை உரித்துக் கையில் கொடுத்தாள்.

“கம்பியை ஏன் மாத்தலை?” என்று கேட்டுக்கொண்டே கடித்தார்.

“லைன்மேன் எழுதி எழுதிக் கேட்டாருங்க பாவம். ஆபீஸ்ல யாரோ ஒரு புண்ணியவான், ‘வருமானம் இல்லாத ஊருக்குக் கம்பி எதுக்கு’ன்னு திருப்பித் திருப்பி அனுப்பிட்டாராம்.”

முட்டை தொண்டையில் அடைத்துக்கொண்டது. எந்த ஊர் என்றுகூடப் பார்க்காமல் அப்படி எழுதித் தள்ளிய அந்தப் புண்ணியவான் அவள் முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினார். “லைன்மேன், நில்லுங்க, சொல்லாதீங்க” என்று கத்தினார். முதல் சரிவிலேயே வழுக்கி, உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் போனார். லைன்மேன் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டார்.

“கவலைப்படாதீங்க. அவர் ஒரு எழுத்துகூட விடாம சொல்லிடுவார்” என்று தூக்கி வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். கணக்கதிகாரிக்கு அழுகையே வந்துவிட்டது.

இருட்டும் நேரத்துக்கு லைன்மேன் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் சார்.”

“மேனேஜர் என்ன சொன்னார்?”

லைன்மேன் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, மேனேஜர் குரலிலேயே ஆரம்பித்தார். “‘நல்லவேளை, கூட்டத்துக்கு முன்னாடியே சொல்லி அனுப்பினார். யாரும் தொடலைன்னு நான் பேசி, கம்பியே இல்லாம எப்படிய்யா தொடுவாங்கன்னு அவங்க கேட்டிருந்தா மானம் கப்பலேறியிருக்கும். நாளைக்கே கம்பி அனுப்பறேன். இப்படி ஒரு நல்ல மனசுக்காரருக்குத்தான் பதவி உயர்வு குடுக்கணும்.’ அவ்வளவுதான் சார்.”

கணக்கதிகாரி திருதிருவென விழித்தார்.

“நான் சொன்னதுக்கா அப்படிச் சொன்னார்?”

லைன்மேன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

“நீங்க சொன்னதைச் சொன்னா உங்களைத் தப்பா நினைப்பாங்களே சார். அதான், கம்பி வேணும்னு நீங்க கெஞ்சிக் கேட்டதா சொன்னேன். இங்க எல்லாருக்குமே வழியில கொஞ்சம் மாத்தித்தான் சொல்றது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”