முதல் பாடம் ஓமம்

"சாராயம் காய்ச்சக் கத்துக்கணும்னா நாப்பத்தெட்டு நாள் சொட்டுக் குடிக்கக் கூடாது" என்றான் தவசி.

வேல்குமார் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்றா கதை இது?"

"முதல்ல எறங்குறது விசம். அதைத் தனியா எடுத்துக் கொட்டணும். எதுவரைக்கும் விசம்னு மூக்கும் நாக்கும்தான் சொல்லும். குடிக்கிறவன் நாக்குக்கு அது தெரியாது. எங்க தாய்மாமன் மலையடிவாரத்துல காய்ச்சுனவரு. அவரு சொல்லிக் குடுத்தது."

தவசிக்குத் தாய்மாமனே கிடையாது. சாராயம் காய்ச்சுவதைச் சினிமாவில்கூட அவன் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஆவி என்றால் அவனுக்குத் தெரிந்தது ஸ்டீம் அயர்ன் பெட்டி விடுகிற ஆவிதான்.

பொய் சொல்வதைத் தவிர அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. வேல்குமார் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினாலு வருசச் சிநேகிதன். போன வாரம் கை நடுங்கி, கத்தி விரலை உரசிக்கொண்டு போயிற்று. முதலாளி அவனைத் துணி வெட்டும் மேசையிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார். ஒரு மண்டலம் குடிக்காமல் வந்தால் மேசை, இல்லாவிட்டால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலமே வேல்குமார், கடைச் சரக்கு கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே காய்ச்ச வழியிருக்கிறதா என்று கேட்டான். நிறுத்து என்றால் கேட்கிற ஆள் இல்லை. தவசியின் வாயில் தானாக வந்த பொய் இது.

தவசி குடிகாரன் இல்லை. மனைவி ஆஷாவிடம் அப்படித்தான் சொல்வான். ஏழு மணிக்கு வேல்குமார் கடைக்குப் போவான். தனியாகப் போகிறானே என்று இவனும் கூடப் போவான். அவ்வளவுதான்.

வீரபாண்டியில் வேல்குமார் வீட்டு மொட்டை மாடியில் பாடம் தொடங்கியது. முதலில் ஓமவாட்டர், கை பழகினபின் மற்றது என்று தவசி சொல்லிவிட்டான். ஓமமும் தண்ணீரும் போட்ட ஒரு பழைய குக்கர். வெயிட்டைக் கழற்றிய இடத்தில், பிரிட்ஜ் ரிப்பேர்க் கடையில் வாங்கிய செம்புக் குழாய். அதைச் சுருட்டி ஐஸ் போட்ட பக்கெட்டுக்குள் இறக்கி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தவசி செல்போனில் வீடியோ பார்த்துப் படிப்பான். சாயங்காலம் பிறவியிலேயே தெரிந்தவன் போலச் சொல்லிக்கொடுப்பான்.

முதல் நாள் பாட்டில் வாய் வழியே ஆவி தப்பித்துப் போயிற்று. கட்டிங் வேஸ்ட் துணியைக் குழாயைச் சுற்றித் திணித்து அடைத்தார்கள். நல்ல மெரூன் நிறத் துணி. அரை மணி நேரத்தில் பாட்டிலுக்குள் ரோஸ் கலரில் தண்ணீர் நின்றது.

வேல்குமார் துணியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"டேய், இது சாயம் போகாதுன்னு வெளிநாட்டு பையருக்கு எழுதிக் குடுத்து அனுப்புன துணிடா."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். குடிக்காமல்கூட இப்படிச் சிரிக்க முடியும் என்பதே தவசிக்கு மறந்து போயிருந்தது.

அடுத்த முறை அடிப்பிடித்துக் கருகல் வாடை. அதற்கடுத்த முறை ஐஸ் போதவில்லை. பன்னிரண்டாம் நாள், குழாய் முனையில் ஒரு சொட்டு தயங்கி நின்றது. விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கண்ணாடி மாதிரித் தெளிவு. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். மாடி முழுக்க ஓமம் மணந்தது. தவசிக்குக் கல்யாணத்தன்றுகூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை. உள்ளங்கையில் ஏந்திக் குடித்தான். தொண்டை சுரீர் என்றது. பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. வேல்குமாருக்கும் வந்தது.

அதற்குப் பிறகு தவசிக்கு வேறு நினைப்பில்லை. டீசர்ட் தேய்க்கும்போதும் குழாயை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினால் என்ன என்றுதான் யோசித்தான். பேக்கிங் பெண்கள் வயிற்று உப்புசத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் கேட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக மாடிக்கு ஏறினான். நடுவில் கடை ஒன்று இருப்பதே அவன் கண்ணில் படவில்லை.

இத்தனையும் வேல்குமாரைத் திருத்துவதற்காக என்று ஆஷாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் முதலாளி வேல்குமாரை முகத்துக்கு நேரே ஊதச் சொன்னார். ஓம வாசம்தான் வந்தது. கையை நீட்டச் சொன்னார். நடுங்கவில்லை. மேசைக்குப் போகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மாடியில் தவசி உண்மையைச் சொன்னான்.

"வேலு, எனக்குச் சாராயம் காய்ச்சத் தெரியாது. தாய்மாமனும் கிடையாது. உன்னைய நிப்பாட்டத்தான் அப்பிடிச் சொன்னேன்."

வேல்குமார் குக்கரைக் கழுவிக்கொண்டே, "ரெண்டாவது வாரமே தெரியுமப்பா" என்றான். "நீ பாக்கற வீடியோவெல்லாம் நானும் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏண்டா வந்தே? கடைக்குப் போயிருக்கலாம்ல?"

"போலாம்னுதான் வண்டிய எடுத்தேன். எங்க வீட்டு வாசல்ல ஆஷா நின்னுட்டிருந்துச்சு."

"ஆஷாவா? என்ன சொன்னா?"

வேல்குமார் குக்கரைக் கவிழ்த்து வைத்தான்.

"'உங்களைத் திருத்தணும்னுதான் அவுக குடிக்காம இருக்காக. சீக்கிரம் திருந்திராதீகண்ணே'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு."