ஒரு நாள் ஓய்வு

தமயந்தி அந்த மில்லின் கணினிப் பிரிவுத் தலைவி. ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் புது சர்வர் கேட்பாள். “ஓடிக்கிட்டுத்தானேம்மா இருக்கு?” என்பார் முதலாளி. ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவள் அதை அணைக்கவே விடாததால். ஒரு தடவை அணைத்தால் அந்தக் கிழம் மறுபடி எழுந்திருக்காது. ஆர்டர், சம்பளம், பி.எஃப். எல்லாம் அதற்குள்தான். அவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கக் கேட்ட பணத்துக்கும் அதே பதில்தான் வந்திருந்தது. ஆயுத பூஜையன்று மட்டும் முதலாளி சர்வர் அறைக்கு வருவார். இந்த வருடமும் மேனேஜர்கள் சூழ வந்தார், சந்தனம் குங்குமம் வைத்தார், மாலை சாத்தினார். சூடம் ஏற்றியதும் காதைச் சாய்த்தார். “என்னம்மா இது இரையுது? தறியெல்லாம் நிறுத்தியாச்சு. இதுக்கு மட்டும் ஓய்வு கிடையாதா?” “அணைச்சா திரும்ப வராது சார்.” அவர் மேனேஜர்கள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா, சாமி முன்னாடியும் பட்ஜெட்டத்தான் பேசுது இந்தப் பொண்ணு.” எல்லோரும் சிரித்தார்கள். அவர் குங்குமம் ஒட்டிய விரலால் சர்வரைத் தடவித் தடவிப் பொத்தானைத் தேடினார். கிடைக்கவில்லை. “எதும்மா?” சூடம் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் கைகூப்பியபடி அவளையே பார்த்தார்கள். தமயந்தி விரலை நீட்டிக் காட்டினாள். அவர் அழுத்தினார். இரைச்சல் மெல்ல இறங்கி அடங்கியது. “அப்பாடா, இப்பத்தான் பூஜை மாதிரி இருக்கு” என்று சொல்லி, முதலாளி முதல் பொரிப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.