கம்பளிக் கோட்டு

சித்திரை வெயிலில் தர்மசந்திர நயினார் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்.

லண்டனில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவர். திரும்பியதிலிருந்து பூமிக்கடியில் ஓடும் ரயிலைப் பற்றிப் பதினோரு கூட்டங்களில் பேசிவிட்டார். செவிலிமேடு படிப்பகத்தின் ஆண்டு விழா பன்னிரண்டாவது கூட்டம்.

அந்த ரயில் படத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம் என்றார். பட்டுக்குச் சாயம் போடுகிற ஊருக்கு நிறத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அரை மணி நேரம் சொன்னார்.

நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்க வேண்டும்; இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. ஒரு நிறத்தில் இறங்கி மறு நிறத்தில் ஏறினால் எந்த மூலைக்கும் போய்விடலாம். மஞ்சள் பாதை மட்டும் பிரதட்சிணம் மாதிரி. சுற்றி ஏறிய இடத்துக்கே வரும். கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். கவர்னரே வந்தாலும் காத்திருக்காது.

"மண்ணுக்கடியில வெளையற கெழங்கையே தொட மாட்டீங்களே நயினாரே, நீங்களே மண்ணுக்கடியில பூந்து வந்துகிறீங்களே" என்றார் பின்வரிசை ஆதிகேசவன்.

சமணர்கள் கிழங்கு சாப்பிடுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்; கூட்டம் சிரித்தது. நயினாரும் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, எல்லாக் கூட்டத்திலும் கைதட்டல் வாங்குகிற கட்டத்துக்கு வந்தார். மனைவி ரத்னமாலா தொலைந்துபோன கட்டம்.

இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாதவள். தனியாக ஏறிவிட்டாள், கதவு மூடிவிட்டது. எந்த நிலையத்தில் இறங்குவது என்று தெரியாமல், கண்ணை மூடிப் பஞ்ச மந்திரம் சொல்லிக்கொண்டு, மஞ்சள் பாதையில் மூன்று சுற்று.

முன்வரிசையில் ரத்னமாலா தலையைக் குனிந்து மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பன்னிரண்டாவது முறையாக.

நயினாரின் கழுத்திலிருந்து வியர்வை வழிந்தது. படிப்பகத் தலைவர் அர்ஜுனனுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து வந்து பின்னாலிருந்து கோட்டைப் பிடித்தார்.

"இருக்கட்டும், பழகிப்போச்சு" என்றார் நயினார். அர்ஜுனன் உபசாரத்தில் விடாப்பிடிக்காரர். ஒரு கையை உருவியே விட்டார்.

தோளிலிருந்து நழுவிய கோட்டின் உள்பக்கத்தை நயினார் முழங்கையால் மார்போடு அழுத்திக்கொண்டார்.

ரத்னமாலா எழுந்தாள்.

"உட்டுடுப்பா. வேர்வையில காத்து பட்டா அவருக்கு ஆவாது."

அர்ஜுனன் விட்டுவிட்டார். நயினார் கையை மறுபடி உள்ளே நுழைத்துப் பித்தான்களைப் போட்டார், கழுத்துவரை.

"அப்புறம் அம்மாவ எப்டிதான் புடிச்சீங்க?" என்றது ஒரு குரல்.

நயினார் வாயைத் திறந்தார். கைதட்டல் வாங்குகிற அந்த வரி வரவில்லை.

வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோகாமலிருக்கக் குழந்தைகளின் சட்டையில் விலாசத்தைத் தைத்துவிடுவார்களே, அப்படியொரு துணித்துண்டு கோட்டின் உள்ளே இருந்தது. நின்ற இடத்தைவிட்டு நகராமல், மூன்று மணி நேரம் வருகிற ரயிலையெல்லாம் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து, மஞ்சள் பாதையில் சுற்றிக்கொண்டிருந்த அவரைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து இறக்கிய அன்றே ரத்னமாலா தைத்தது. அதன்மேல் மகள் இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: 'இவருக்கு வழி தெரியாது. காண்பவர்கள் தயவுசெய்து இந்த விலாசத்தில் சேர்த்துவிடவும்.'

அதைப் பிரித்துவிடு என்று அவளிடம் சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.