பாதியில் வெட்டிய பாட்டு

“வெட்டிட்டான். இந்த வாரமும் சரியா அதே எடத்துல வெட்டிட்டான்” என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினார் கிட்டார்காரர். அதற்குள் அவர் மனைவி கைபேசியை எடுத்துவிட்டிருந்தாள். வானொலி நிலையத்தைத் திட்டுவது அந்த வீட்டில் அவள் பொறுப்பு.

கிட்டார்காரர் என்பது பட்டப்பெயர். ஆள் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இளவயதில் ஒரு ராக் குழுவில் இருந்தாராம். அந்தக் குழு வெளியிட்ட ஒரே இசைத்தட்டில், பாடகன் பாடி முடித்ததும் வருகிற நீளமான கிட்டார் வாசிப்பு இவருடையதாம். பட்டறையில் யாரும் நம்பவில்லை. கம்ப்ரஸர் இரைந்தால் போதும், “அண்ணே, இதுவும் நீங்க வாசிச்சதா?” என்று கேட்டு வெறுப்பேற்றுவார்கள்.

காட்டி வாயை அடைக்கலாமென்றால் தட்டு கையில் இல்லை. ஒலிப்பதிவு முடிந்த அன்றே பாடகனோடு வாய்த்தகராறு முற்றி, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர் இவர். அவன் குரல் இருக்கிற தட்டைக் காசு கொடுத்து வாங்குவதா என்று வீம்பு பிடித்தார். வீம்பு தணிந்தபோது தட்டு எங்கேயும் கிடைக்கவில்லை, இணையத்திலும் இல்லை. அப்படி இருக்க, ஞாயிற்றுக்கிழமை மாலை பழைய ராக் பாடல்களைப் போடும் நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு வர ஆரம்பித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

வந்து என்ன பிரயோசனம்? மற்ற பாட்டெல்லாம் முழுசாக வரும். இதில் மட்டும் பாடகன் வாயை மூடியதும் அறிவிப்பாளன் வாயைத் திறந்துவிடுவான். நேயர்கள் அனுப்பிய செய்திகளை வாசிப்பான். ஒரு பேருந்து ஓட்டுநருக்கு டிரம்ஸ் கேட்டதில் இடுப்பு வலியே மறந்துபோயிற்றாம். ஒரு பல் டாக்டர், மெஷின் சத்தம் நோயாளியின் காதில் விழாமலிருக்க இந்த நிகழ்ச்சியைத்தான் அலறவிடுகிறாராம். இதையெல்லாம் கேட்க வைத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்க விடமாட்டான்.

இன்று வயிற்றெரிச்சல் இரட்டிப்பு. புது மாப்பிள்ளை முதல் தடவையாகக் கூட உட்கார்ந்து கேட்கிறார். அவருக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தி, மூன்று பேரும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்கள். பாட்டு வெட்டுப்பட்டதும் மாப்பிள்ளை மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாமனாருக்குச் சுருக்கென்று தைத்தது.

“பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்க, இல்ல?”

“அதெல்லாம் இல்ல மாமா.”

“நெனைச்சா தப்பில்ல. வாழ்க்கையில நான் பெருமையாச் சொல்லிக்க இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் காட்ட முடியல பாருங்க” என்றார்.

மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே பாவமாகப் போயிற்று. நிலையத்துக்கு நேரில் போய் முழுப் பாட்டையும் பதிவு செய்து கொண்டுவருகிறேன் என்றார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிவிடலாம், போனைக் கொடுங்க அத்தை என்று கையை நீட்டினார். அத்தை போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“நீங்க நயமாப் பேசுவீங்க மாப்பிள்ளை. அவனுக்கெல்லாம் நயம் ஒத்துவராது” என்றாள்.

கிட்டார்காரரும் அதையே சொன்னார். ஒரு தடவை இவர் பேசப்போய், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட, நிலையத்தார் இவர் போன் நம்பரையே தடுத்துவைத்திருந்தார்கள். இவள் பேசினால்தான் உறைக்கும் என்பது அவர் கட்சி.

அவள் சிக்னல் சரியில்லை என்று பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கையை வீசி வீசிப் பேசுவது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. “விளாசறா, பாருங்க” என்று கிட்டார்காரர் கொஞ்சம் ஆறுதலடைந்தார்.

போனின் மறுமுனையில் அறிவிப்பாளன் அழாக்குறையாகப் பேசினான். பாட்டை ஏன் வெட்டுகிறாய் என்று நேயர்களெல்லாம் அவனைக் காய்ச்சுகிறார்களாம். மேலதிகாரியும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாராம்.

“முதல் வாரம் நேரமில்லாம வெட்டினேன். அதுக்கப்புறம் நீங்க கெஞ்சிக் கேட்டீங்கன்னுதாம்மா ஒவ்வொரு வாரமும் வெட்டறேன். இனிமே முடியாது” என்றான்.

“முடியாதுன்னு சொல்லாதீங்க தம்பி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.” குரல்தான் கெஞ்சியது, கை உள்ளே தெரியும்படி ஓங்கி ஓங்கி இறங்கிக்கொண்டிருந்தது.

“தான் வாசிச்சதைத் தானே கேக்கணும்னு அவருக்கும் ஆசை இருக்கும்லம்மா?”

அவள் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். கிட்டார்காரர் இல்லாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி வாசிப்பை மாப்பிள்ளைக்கு விரல்களாலேயே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு வாசிச்சது கிட்டாரு தம்பி. முதல் வாரம் நீங்க எனக்கு போன்ல முழுசாப் போட்டுக் காமிச்சதுல, அந்த எடத்துல வெறும் சாக்ஸபோன்தானே இருந்துச்சு.”