அமலி கரை சேர்ந்தது

"உமா அக்கா, இங்கன வந்து இத வாசிங்களேன்."

நவாஸின் குரலில் எப்போதும் இருக்கும் விளையாட்டு இல்லை. உமாராணி எழுந்து வந்தாள்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் மொத்தமே மூன்று பேர்தான். விசைப்படகுகள் விடியற்காலையில் கடலுக்குப் போவதையும் இரவுக்குள் திரும்புவதையும் பதிந்துவைக்கும் மென்பொருள் அவர்களுடையது. அதைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கப்போகிறது. எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்ற விளக்கம் முழுவதும் எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

புரோகிராமை எழுதிய ஜாய் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தவன். அவன் இப்போது இல்லை. அதனால் புரோகிராமையும் டேட்டாபேஸையும் தானே படித்து விளக்கம் எழுதித்தரும் மென்பொருள் ஒன்றைக் காலையிலிருந்து ஓடவிட்டிருந்தான் நவாஸ்.

அது எழுதிய பக்கம் திரையில் நின்றது.

'இந்தப் பகுதி, தினமும் பொழுது சாய்ந்ததும் அமலி என்ற படகு கரை சேர்ந்ததாகப் பதிகிறது. சென்றவர்கள் அனைவரும் நலம் என்று குறிக்கிறது. வேறெந்தப் படகுக்கும் இது பொருந்தாது. எழுதியவர்: ஜாய்.'

"அமலின்னா ஜாய் அண்ணன் போன போட்டுதானே அக்கா?"

உமாராணி தலையை மட்டும் அசைத்தாள்.

உள்ளறையிலிருந்து முதலாளி செந்தில்வேல் வந்தார். "என்னலே, ரெண்டு பேரும் இப்படி நிக்கிய?"

நவாஸ் திரையைக் காட்டினான். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

"முன்னாடியே எழுதி வச்சிருப்பாம்லே."

"இல்ல அண்ணாச்சி. தேதியப் பாருங்க. போட்டு காணாமப் போன பொறவு எழுதினது. கரைக்கு வந்த பதிவையும் எடுத்துப் பாத்துட்டேன். ஒரு நாள் விடாம அமலி வந்திருக்கு. நேத்தும் வந்திருக்கு."

செந்தில்வேல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். புதிதாக வாங்கிய ஜிபிஎஸ் கருவியை நடுக்கடலில் சோதித்துப் பார்த்துவிட்டு வரச்சொல்லி ஜாயை அமலியில் அனுப்பியவர் அவர்தான். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஜாயின் அம்மா இன்னமும் அவன் சட்டைகளைத் தேய்த்து அடுக்கி வைக்கிறாள் என்று கேள்வி.

"கடலுக்குள்ள கெடக்கவன் எப்படிலே இங்கன வந்து எழுதுவான்?"

"அவரு லாகின்ல போயிதான் எழுதிருக்கு அண்ணாச்சி. அந்தப் பாஸ்வேர்டு அவருக்கு மட்டுந்தானே தெரியும்?"



"அழிச்சிரு" என்றார் செந்தில்வேல். "விளக்கத்துலயும் இது இருக்கக் கூடாது."

"இருந்துட்டுப் போகட்டுமே அண்ணாச்சி." உமாராணி அப்போதுதான் வாய் திறந்தாள். "யாருக்கு என்ன கெடுதி? ஒரே ஒரு போட்டு. அதுபாட்டுக்கு வந்துட்டுப் போகுது."

"என்ன பேச்சும்மா பேசுத? இன்னைக்கு அமலி. நாளைக்கு வேற ஒரு போட்டையும் வந்துட்டுன்னு இது காட்டிட்டா? உள்ள தத்தளிக்கவனத் தேடிப் போக ஒருத்தன் கிளம்ப மாட்டான்."



"நான் இதத் தொட மாட்டேன்" என்று நவாஸ் எழுந்துகொண்டான். "அஸர் தொழுதுட்டு வாரேன்." படியில் இறங்கும்போது அவன் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

செந்தில்வேலும் கார் சாவியை எடுத்தார். "நீயே அழிச்சிரும்மா. ஜாயோட அம்மையப் போயிப் பாத்து ரொம்ப நாளாச்சு. ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்." வாசலில் நின்று திரும்பினார். "தனியா இருக்கப் பயமா இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் போனதும் உமாராணி நவாஸின் இடத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. முதல் படகுகள் துறைமுகத்துக்குள் திரும்பத் தொடங்கியிருந்தன. அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விசையின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள்.

"மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தாள். அழுத்தினாள்.

புரோகிராமில் அந்த இடம் காலியானது. விளக்கத்திலும் அந்தப் பத்தியை நீக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூவரில் யாரும் அதுவரை பார்த்திராத அடுத்த பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

'இந்தப் பகுதி, தினமும் விடியற்காலையில் அமலி படகைக் கடலுக்கு அனுப்புகிறது. படகு திரும்பி வருவதற்கு, முந்தைய பக்கத்தில் உள்ள பகுதியை மட்டுமே நம்பியிருக்கிறது. எழுதியவர்: ஜாய். கடைசியாகத் திருத்தியது: இன்று விடியற்காலை.'

யாருக்கும் தெரியாமல் தன்னைக் காதலித்த ஜாய் சொல்லிக்கொடுத்திருந்த பாஸ்வேர்டில் நுழைந்து, அவனை மாலைதோறும் கரைசேர்க்கும் அந்தப் பகுதியை எழுதியவள் உமாராணிதான். விடியலில் அனுப்பும் பகுதியை அவள் எழுதவில்லை.